பூஜ்யம் என்றால் தடை இல்லை

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். முந்தாநாள் மழைத் தண்ணீரே தெருவில் இன்னும் வடியவில்லை. பைக்கை எடுக்காமல் நடந்தே ஆபீஸ். பாதி வழியில் செருப்பு வார் பிய்ந்தது. நாள் விளங்கினாற்போலத்தான்.

செய்ய: கரண்ட் பில். செருப்பு. நாளை லீவு, திருச்செந்தூர் (மனைவி கனியின் நேர்த்திக்கடன். சஷ்டிக் கூட்டத்தில் என்னால் முடியாது என்று தள்ளிப் போட்டது). ஜெனிபரின் பேட்ச் (கோட் திருத்தம்) பதினொன்றும் பார்க்க.

ஜெனிபர் வந்ததும் வராததுமாக என் மேசைமேல் ஒரு தூக்குவாளியை வைத்தாள். கல்லறைத் திருநாளுக்குச் சொந்த ஊர் கீழவைப்பார் போனவள், முதல் பஸ்ஸில் திரும்பியிருக்கிறாள். மீன் குழம்பு. "அம்மா குடுத்து விட்டாவ. சாருக்குன்னு தனியா." இந்தப் பிள்ளை எங்களிடம் சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. நிரந்தரமா இல்லையா என்பது இந்த மாதக் கடைசிக்குள் தெரிந்துவிடும். நிரந்தரமானால் கல்யாணப் பேச்சை ஒரு வருஷம் தள்ளிப் போடுவதாக அவள் அம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார்களாம்.

"இல்லாட்டி?" என்றேன்.

"இல்லாட்டி மஸ்கட்டு மாப்பிள்ள ரெடியா இருக்காவ சார்" என்று சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமான சிரிப்பாக இல்லை.

பெங்களூரிலிருந்து ரகு. எங்களுக்கு மேனேஜர். வாரத்துக்கு ஒரு புது வேலை அவருக்குத் தோன்றும். இந்த வாரம்: "புதுசா வர்றவங்களுக்கு ஹூக் விதியை ஒரு பக்கத்துல எழுதிக் குடு செந்தில். சுலபமா இருக்கணும்." முயற்சி செய்தேன்:

கம்ப்யூட்டரின் கருவான கெர்னல் எந்தக் காரியத்தையும் செய்யுமுன் பாதுகாப்புப் பகுதியை ஒரு வார்த்தை கேட்கும். இந்த புரோகிராம் இந்த ஃபைலைத் திறக்கலாமா? இந்த மெமரியை எடுக்கலாமா? கேட்கிற இடம்தான் ஹூக். பதில் ஓர் எண். பூஜ்யம் என்றால் தடை இல்லை. மைனஸ் என்றால் கூடாது. கவனம்: பூஜ்யம் என்பது 'ஆகட்டும், நல்ல காரியம்' என்று அர்த்தமல்ல. 'எனக்குத் தடை இல்லை' என்பது மட்டுமே.

ஜெ.யிடம் காட்டினேன். படித்துவிட்டு, "எங்க கோயில்ல கல்யாண ஓல வாசிக்குத மாதிரி இருக்கு சார்" என்றாள்.

"அது என்ன?"

"கல்யாணத்துக்கு முன்ன மூணு ஞாயித்துக்கிழம பூசையில பொண்ணு மாப்பிள்ள பேர வாசிப்பாவ. இதுக்கு எதுவும் தடை தெரிஞ்சா வந்து சொல்லுங்கம்பாவ. ஒருத்தரும் வாயத் தொறக்கலேன்னா கல்யாணந்தான்."

அருமை. ஆனால் குறிப்பில் சேர்த்தால் ரகு கேலி செய்வார். விட்டுவிட்டேன்.

எல்லா ஹூக்கும் இந்த விதிப்படி இருந்தால் எனக்கு ஏன் தலைவலி. பழைய ஹூக்குகள் சில தலைகீழ். அவற்றில் ஒன்று என்றால் உண்டு, பூஜ்யம் என்றால் இல்லை. எந்தப் புண்ணியவான் எழுதினானோ. ஜெ.யின் பதினொரு பேட்சும் இவற்றை எல்லாம் ஒரே விதிக்குள் கொண்டுவரத்தான். இன்று ஆறு பார்த்தேன். பிசகில்லை. சொல்லப்போனால் நான் எழுதுவதைவிடச் சுத்தம். அதை அவளிடம் சொல்லவில்லை. தலையில் ஏறிவிடும் என்று எனக்கு நானே ஒரு காரணம்.

மீன் குழம்பு பிரமாதம்.

நவம்பர் 4, செவ்வாய்

திருச்செந்தூர். மழை விட்டு வெயில் சுள்ளென்று. கூட்டம் குறைந்திருக்கும் என்றவள் கனி. குறையவில்லை. முன்னால் ஒரு மொட்டை போட்ட குடும்பம், பின்னால் ஒருவர் என் குதிகாலை மிதித்துக்கொண்டே வந்தார். "வரிசையில போனப் பாக்காதிய, சாமி கோவிச்சுக்கும்" என்றாள் கனி. பள்ளிக்கூட டீச்சர். பிள்ளைகளை அதட்டுகிற அதே குரல்.

பேசாமல் அவள் சொன்னபடி கேட்டிருக்கலாம். போன் அடித்தது. ஜெ.

ஏழாவது பேட்சில் நான் காலையில் வீட்டிலிருந்து அவசரமாக ஒரு கேள்வி எழுதிப் போட்டிருந்தேன். அதற்குப் பதில் சொல்லக் கூப்பிட்டாள். அவசர மெமரி ஹூக். மெமரி தீர்ந்துபோகும் நேரத்தில், கடைசி ஆபத்துக்கென்று ஒதுக்கி வைத்த பங்கில் கைவைக்க இந்த புரோகிராமுக்கு உரிமை உண்டா என்று கேட்பது. அதில் ஓர் இடம்: அந்த புரோகிராமுக்கென்று விதி எதுவும் எழுதப்படவில்லை என்றால், பழைய கோடில் பூஜ்யம். ஜெ. அதை மைனஸ் ஆக்கியிருந்தாள்.

"இருந்த பூஜ்யத்த எதுக்கும்மா மைனஸ் ஆக்குனே?"

"சார், பழைய பூஜ்யம்னா உரிமை இல்லைன்னுல்லா அர்த்தம். இப்ப அதையே விட்டா உண்டுன்னு ஆயிரும்லா?"

வரிசை நகர்ந்தது. கனி கையைக் கிள்ளினாள். பின்னால் இருந்தவர் மறுபடி மிதித்தார். "ஏம்மா, விதி எழுதலேன்னா எந்த ஹூக்லயும் பூஜ்யந்தான். பழச அப்படியே விடு. மாத்தி அனுப்பு, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். நான் இந்த வேலைக்கு வந்த காலத்திலிருந்து அப்படித்தான். விதி இல்லையா, பூஜ்யம் போடு, போய்க்கொண்டே இரு.

போனில் அவள் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி சார். யோசனை சொன்னவர்னு உங்க பேரப் போட்டுரட்டுமா?"

எங்கள் வழக்கம் அது. ஒவ்வொரு பேட்சின் அடியிலும் பெயர்கள் வரும். எழுதியவர், யோசனை சொன்னவர், பார்த்தவர்.

"அதெல்லாம் எதுக்கு. உன் பேரு மட்டும் இருக்கட்டும். நிரந்தரம் பண்ணும்போது பாக்க நல்லாருக்கும்" என்றேன். பெருந்தன்மை! போனை வைத்ததும் கனியிடம் இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன். "நல்ல மனசுதான் ஒங்களுக்கு. போன உள்ள வைங்க" என்றாள்.

தரிசனம் நன்றாக ஆனது. இலை விபூதி. ஆபீசுக்குச் சில்லுக் கருப்பட்டி.

நவம்பர் 6, வியாழன்

வானம் மூட்டம். மழை இல்லை. கொசு.

ஜெ. திருத்திய பேட்சுகளை அனுப்பியிருந்தாள். ஏழாவதின் அடியில், 'மாற்றம்: விதி இல்லாத இடத்தில் பழைய பூஜ்யமே வைக்கப்பட்டது' என்று ஒரு வரி. சோதனைகள் எல்லாம் பச்சை. 'பார்த்தவர்: செந்தில்' போட்டுச் சேர்த்துவிட்டேன். துறைமுக ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டு கேட்டில் எங்கள் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று பரீட்சார்த்தமாக நிற்கிறது. லாரி நம்பரைப் படம் பிடித்து, அனுமதி பார்த்துத் தடுப்புக் கட்டையைத் தூக்குவது. அதிலும் புதுக் கெர்னல் ஏற்றியாயிற்று.

சில்லுக் கருப்பட்டியை எல்லோருக்கும் கொடுத்தேன். ஜெ. ரெண்டு எடுத்தாள்.

கரண்ட் பில் கட்டவில்லை. நாளைக்கு.

நவம்பர் 11, செவ்வாய்

அடைமழை. கரண்ட் இரண்டு முறை போனது.

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ரகுவின் போன். யார்டு கேட்டில் பெட்டி உறைந்துவிட்டது, கட்டை தூக்கவில்லை. ஜெ.யும் நானும் ஆட்டோவில். ரோடு வரைக்கும் டிரெய்லர் லாரிகள் வரிசை. டிரைவர்கள் இறங்கி நின்று ஆளுக்கொரு பேச்சு.

"மெஷினு படுத்துட்டுவே. இனி நாமளும் இங்கனயே படுக்க வேண்டியதுதான்."

"கப்பலு ஒமக்காக நிக்குமாக்கும்?"

"யாருவே இதச் செஞ்சது? அவன மொதல்ல இந்த மழையில நிப்பாட்டணும்."

நின்றுகொண்டுதான் இருந்தேன், அண்ணாச்சி.

நான் குடை பிடிக்க, ஜெ. லேப்டாப்பை மாட்டிப் பதிவுகளைப் பார்த்தாள். கேமரா புரோகிராம் மெமரியை எல்லாம் தின்றிருக்கிறது. அவசரப் பங்கையும் சேர்த்து. கட்டையைத் தூக்குகிற புரோகிராமுக்கு ஒரு பருக்கை மிச்சமில்லை.

"கேமராவுக்கு ஏது சார் அந்த உரிமை? அதுக்கு நாம விதியே எழுதலியே" என்றாள். சொல்லி முடிக்குமுன் அவளுக்கே விளங்கிவிட்டது. எனக்கும்.

விதி எழுதாத புரோகிராம். ஏழாவது பேட்ச். நான் வைக்கச் சொன்ன பூஜ்யம். பழைய கணக்கில் அது 'உரிமை இல்லை'. புதுக் கணக்கில் 'தடை இல்லை'. ஊரில் போகிற வருகிற புரோகிராமுக்கெல்லாம் அவசரப் பங்கைத் திறந்து விட்டிருக்கிறேன். சோதனையில் ஏன் தெரியவில்லை? எங்கள் சோதனைகள் எல்லாம் ரூட் ஆக, முழு அதிகாரத்தோடு ஓடுபவை. ரூட்டுக்கு எப்போதுமே எல்லாமும் உண்டு.

ஜெ. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் மழையைப் பார்த்தேன்.

பழைய கெர்னலை ஏற்றினோம். கட்டை தூக்கியதும் லாரிக்காரர்கள் விசில் அடித்தார்கள். திரும்பும்போதும் ஆட்டோ. ஆட்டோக்காரர் மட்டும் மேயரைத் திட்டிக்கொண்டே வந்தார்.

நவம்பர் 12, புதன்

மழை. எழுதவே கை கூசுகிறது.

காலை மீட்டிங், வீடியோவில். ரகு திரையில் ஏழாவது பேட்சின் இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். முதல் வடிவத்தில் மைனஸ். இரண்டாவதில் பூஜ்யம்.

"ஜெனிபர், முதல்ல சரியா எழுதிட்டு அப்புறம் நீயே ஏன் கெடுத்தே? புரியல."

இதுதான் என் நேரம். வாயைத் திறந்து ஒரு வரி. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. என் மைக் அணைத்து வைத்திருந்தது. அதை அழுத்த விரல் போனது. போய் அங்கேயே நின்றது.

ஜெ. எனக்கு எதிர் மேசையில்தான் இருக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. "கொழம்பிட்டேன் சார்" என்றாள்.

"இவ்வளவு முக்கியமான இடத்துல குழம்பினா எப்படிம்மா? பாதுகாப்பு ஹூக் இது."

"சாரி சார்."

பிறகு ரகு என்னிடம்: "செந்தில், பதினொண்ணு பாக்கும்போது ஒண்ணு கண்ணு தப்புறது சகஜம்தான். இனிமே பாத்துக்கோ. சரி பண்ற பேட்சை நீ எழுதிடு. அவ இனி அதுல கை வைக்க வேண்டாம்."

மைக்கை அப்போது திறந்தேன். "சரி ரகு" என்று சொல்ல. அதற்கு மட்டும் விரல் நன்றாக வேலை செய்தது. சீ.

வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது, ஏலே செந்திலு?

நவம்பர் 13, வியாழன்

மழை விட்டு விட்டு. சாப்பாடு இறங்கவில்லை.

காலையிலிருந்து எனக்கு நானே சொன்ன சாக்குகள்:
அவள் வற்புறுத்தியிருக்கலாம். (வற்புறுத்தினாள். 'ஆயிரும்லா' என்று கேட்டாளே. அதற்குமேல் என்ன, காலில் விழவா?)
லீவு நாளில் கூப்பிட்டது அவள். (கேள்வி எழுதிப் போட்டது நான்.)
என் பெயரும்தான் அடியில் இருக்கிறது. (பார்த்தவராக. சொன்னவராக இல்லை.)
இப்போது சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்பார்கள். (ஆமாம். கேட்பார்கள்தான்.)

ஜெ. வேலைக்குத் தேவையானதை மட்டும் பேசுகிறாள். 'சார்' குறையவில்லை. அதுதான் குத்துகிறது.

மத்தியானம் ரகுவின் போன், தனியாக. "ஜெனிபரை நிரந்தரம் பண்றது இப்ப சரிப்படாதுன்னு தோணுது. இன்னும் மூணு மாசம் நீட்டிக்கலாம். நீதானே கூட இருந்து பாக்குற. உனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லையே?"

"நல்லாத்தான் வேலை பாக்கா ரகு..." என்று இழுத்தேன்.

"அதைக் கேக்கல. ஆட்சேபணை உண்டா?"

நான் பேசவில்லை. மூச்சு விடுகிற சத்தம் எனக்கே கேட்டது.

"அப்ப சரி, எச்.ஆர்.கிட்ட சொல்லிடறேன்" என்று வைத்துவிட்டார்.

ஒரு பக்கக் குறிப்பில் நானே எழுதிய பூஜ்யத்தை நானே போட்டேன். என்னை நம்பி ஒருவர் கேட்டார். தடை இல்லை என்று சொல்லாமல் சொல்லிவிட்டேன். இந்த முறை வரிசையும் இல்லை, கிள்ளவும் ஆளில்லை. முழு நினைவோடு செய்தது.

ராச்சாப்பாட்டில் கனி: "என்னத்த முழுங்குனிய? முகமே சரியில்லயே." சொன்னேன். எல்லாவற்றையும். கையில் பிசைந்த சோறு அப்படியே இருக்க என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு வரிசையில நின்னு பெருமையா சொன்னியளே, அதா?"

அதுதான்.

"அவிய வீட்டு மீன் கொழம்ப வழிச்சு வழிச்சுத் தின்னியளே" என்றாள். தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். ஜெ. லீவு. இருப்புக்கொள்ளவில்லை. மத்தியானத்துக்குமேல் பைக்கை எடுத்துக்கொண்டு கீழவைப்பாருக்கே போய்விட்டேன். உப்பளமெல்லாம் மழைத் தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. வழி முழுக்க வசனம் ஒத்திகை பார்த்தேன்.

கோயிலுக்குப் பின்பக்கத் தெரு. அவள் அம்மா என்னைக் கண்டதும் ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். கடுங்காப்பி. முறுக்கு. "சார்தான் எல்லாம் சொல்லிக் குடுக்காவன்னு இவ வாய் ஓயாமச் சொல்லுவா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்." முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேலை நிரந்தரம் ஆயிருமா சார்? மாப்பிள்ள வீட்டுல பதில் கேட்டுக்கிட்டே இருக்காவ. நானும் எத்தன நாளு இழுத்தடிக்க?" என்றார்கள்.

"ஆயிரும்மா" என்றேன். எந்த வாயால் சொன்னேனோ.

ஜெ. பைக் வரைக்கும் வந்தாள். ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் மறந்துவிட்டது. "தப்பு என்னுதும்மா. நான் சொல்லித்தான் நீ மாத்துனே. மீட்டிங்ல நான் வாயத் தொறந்திருக்கணும்" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சதயே எனக்குச் சொல்லுதீய" என்றாள்.

"நீயாவது சொல்லிருக்கலாம்லா."

அதைச் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். குரல் உயரவில்லை. "நான் சொன்னா யாரு சார் நம்புவா? போன்ல சொன்னதுக்கு ஒங்க முருகந்தான் சாட்சி. அவரு மீட்டிங்குக்கு வருவாராக்கும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இங்கன வந்து என்கிட்ட மன்னிப்புக் கேட்டு என்ன செய்ய? எல்லாரும் படிக்குத எடத்துல எழுதுங்க. பேட்ச் அடியில எழுதுங்க. அது போதும்."

எழுதுகிறேன் என்றேன். கிளம்பும்போது அவள் அம்மா ஓடி வந்து ஒரு பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டார்கள். ஊளி மீன், துண்டு போட்டது. வேண்டாம் என்று சொல்லக்கூடத் தைரியமில்லை. வாங்கிக்கொண்டு வந்தேன். கனி அதைச் சமைக்க மாட்டேன் என்று சொல்லிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

நவம்பர் 15, சனி

மழை இல்லை. துணி காய்ந்தது. கரண்ட் பில் கட்டியாயிற்று, அபராதத்தோடு.

காலையிலேயே எச்.ஆர். மெயில் ஜெ.க்குப் போய்விட்டது. எனக்கும் ஒரு நகல். 'மூன்று மாதம் நீட்டிப்பு.' வருத்தம் தெரிவிக்கிற ஒரு வரிகூட இல்லை.

உட்கார்ந்து எழுதினேன். பேட்ச் ஒரே வரி. பூஜ்யத்தை எடுத்துவிட்டு மைனஸ். ஜெ. முதலில் எழுதியது எதுவோ அதேதான். விளக்கம்தான் வேலை வாங்கியது. அடித்து அடித்துக் கடைசியில் சாயங்காலம் இப்படி முடித்தேன்:

'ஜெனிபர் இந்த இடத்தை முதலில் சரியாக எழுதியிருந்தார். நான் போனில் மாற்றச் சொன்னேன். அவர் எடுத்துச் சொன்னதை நான் கேட்கவில்லை. என் பெயரைப் போடட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றேன். தவறு என்னுடையது.'

படித்தேன். சரியாக இருந்தது. அனுப்பு பொத்தான் மேல் விரலை வைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எவன் மெயில் பார்க்கிறான்? திங்கட்கிழமை காலையில் அனுப்பினால் எல்லோரும் பார்ப்பார்கள். அதுதான் முறை.

கனி: "அனுப்பிட்டியளா?"

"திங்கக்கிழம."

"ம்" என்றாள்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். கறி எடுத்தோம். மின்விசிறி ரெக்கை துடைத்தேன்.

விளக்கத்தை மறுபடி படித்தேன். கொஞ்சம் அதிகமாக அழுதுவிட்டாற்போல் பட்டது. தொழில் விஷயத்தில் இத்தனை 'நான்' எதற்கு? போன், மாற்றச் சொன்னது, பெயர் வேண்டாம் என்றது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே வாக்கியம்: 'ரிவ்யூவின்போது நேர்ந்த தவறான புரிதலால் வந்த பிழை இது.' கண்ணியமாக இருக்கிறது. மத்தியானம் நல்ல தூக்கம். ஒரு வாரம் கழித்து.

நவம்பர் 17, திங்கள்

விடிகாலை மழை, பிறகு இல்லை.

ஆபீசுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அனுப்பினேன். எல்லோருக்கும். ஜெ. அவள் மேசையில். காதில் ஹெட்போன். நிமிரவில்லை.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அவள் பதில் எழுதியிருக்கிறாள். எல்லோருக்கும்தான்.

'கோட் சரி. விளக்கம் போதாது. யார் தவறாகப் புரிந்துகொண்டது என்று இதில் இல்லை. பின்னால் படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். திருத்தி அனுப்பவும்.'

காது மடல் சுட்டது. எதிர் மேசையில் கீபோர்டுச் சத்தம் மட்டும். அவளுடைய பேட்சுகளில் இதே மாதிரி எத்தனை முறை எழுதியிருப்பேன், யார் என்ன செய்தது என்று தெளிவாக எழுது என்று.

சனிக்கிழமை எழுதியதை எடுத்தேன். ஓர் எழுத்து மாற்றவில்லை. அனுப்பினேன். புதன்கிழமை மீட்டிங்கிலும், வியாழக்கிழமை ரகு கேட்டபோதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதையும் கீழே சேர்த்தேன்.

சற்று நேரத்தில் ஜெ.யிடமிருந்து ஒற்றை வரி. 'பார்த்தவர்: ஜெனிபர்.'

ரகுவின் போன். முதலில் கத்தல். எல்லாம் நியாயமான கத்தல். "ஏன்யா, போன்லயே அன்னைக்குச் சொல்லியிருக்க வேண்டியதுதானே? கேட்டேனே, ஆட்சேபணை உண்டான்னு!" கொஞ்ச காலத்துக்கு என் கையெழுத்தில் மட்டும் எந்த பேட்சும் உள்ளே போகாது. இன்னொருவரும் பார்க்க வேண்டும். சரி என்றேன். பிறகு குரல் இறங்கி: "அந்தப் பொண்ணுக்கு நீட்டிப்பை ரத்து பண்ணச் சொல்லிட்டேன். நிரந்தரக் கடிதம் இன்னைக்கே வரும். நீயே போய்ச் சொல்லு."

எனக்கு எதுவும் ஆகட்டும். இது போதும் என்று இருந்தது. கிட்டத்தட்ட ஓடினேன் அவள் மேசைக்கு. அவள் ஹெட்போனைக் கழற்றினாள். சொன்னேன்.

"அப்படியா சார். ரொம்ப நன்றி."

அவ்வளவுதான். நான் அங்கேயே நின்றேன். "அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லும்மா. சந்தோசப்படுவாவ."

"சொல்லுதேன் சார்." திரையைப் பார்த்தபடி, "நேத்து மாப்பிள்ள வீட்டுல வந்திருந்தாவ. சனிக்கிழம அந்த லெட்டர் வந்துச்சுல்லா, அம்மா வரச் சொல்லிட்டாவ. பூச முடிஞ்சு வந்து பேசி முடிச்சிட்டாவ. மோதிரமும் போட்டாச்சு. வார ஞாயிறு மொத ஓல வாசிக்காவ."

விரலில் இருந்தது. காலையிலிருந்து எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன், பார்க்கவில்லை.

"வேலை?"

"தையில கல்யாணம். பொறவு மஸ்கட்டு."

"உனக்குச் சம்மதமாம்மா?"

"கேட்டாவ சார். நான் ஒண்ணும் சொல்லல."

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலமே எழுதி முடித்திருந்தேன்.